அம்மாவின் எம்ஆர்ஐ ரிப்போட்டும் அவருடைய மனச்சோர்வும்: கேட்டவருக்கு ஒரு விரிவான பதில்

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 71 வயது. ஒன்றரை வருடமாகப் பேச்சுக் குறைந்துவிட்டது, கோயிலுக்குப் போவதில்லை, பேரப்பிள்ளைகள் வந்தாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், நடையும் மெதுவாகிவிட்டது. கிளினிக்கில் மனச்சோர்வு என்று சொல்லி செர்ட்ரலின் கொடுத்து ஒரு மாதமாகிறது. தலையை எம்ஆர்ஐ எடுத்தபோது 'ஸ்மோல் வெஸல் இஸ்கீமிக் சேஞ்சஸ், ஃபசேகாஸ் 2, விரிந்த பெரிவஸ்குலர் ஸ்பேஸஸ்' என்று ரிப்போட் வந்திருக்கிறது. மூளைக்குள் நீர் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் புது ஸ்கேன் இருக்கிறதாம், இந்தியாவுக்குக் கூட்டிப்போய் அதை எடுப்போம் என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொல்கிறார். எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது: "இது மனசு வருத்தமா, மூளை வருத்தமா? மூளை வருத்தம் என்றால் இந்தக் குளிசையைக் கொடுத்து என்ன பிரயோசனம்?" முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். ஸ்கேன் விசயம் அதோடு தெளிந்துவிடும்.

நான் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பல வருடங்களாக உளநல கிளினிக்குகளில் வேலை செய்த வைத்தியன். கூடுதலாகப் பார்த்தது வயதானவர்களைத்தான். நரம்பியல் நிபுணரோ கதிரியக்க நிபுணரோ அல்ல, அவர்களோடு உட்கார்ந்து ஸ்கேன் படங்களைப் பார்த்துப் பழகியவன். உங்கள் அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை. அதனால் அவருக்கு இன்னதுதான் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த ரிப்போட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, எந்தப் பேச்சு உறுதியானது, எது இன்னும் ஆய்வுகூடத்துக்குள் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லலாம்.

மூளை உடம்பின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஓய்வாக இருக்கும்போதும் உடம்பு எடுக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. பெரிய நாளங்கள் மூளையின் மேற்பரப்பில் ஓடுகின்றன. அவற்றிலிருந்து பிரிந்து மூளைக்குள் ஆழமாக இறங்கும் நாளங்கள் மிகமிக ஒடுங்கியவை, பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம்தான். பிரஷர், நீரிழிவு, புகைத்தல், வயது எல்லாம் சேர்ந்து இந்தச் சின்ன நாளங்களின் சுவரைத் தடிப்பாக்கி விறைக்க வைக்கின்றன. நாளம் விறைத்தால் மூளைக்குத் தேவைப்படும் நேரத்தில் விரிந்து கொடுக்காது. ரிப்போட்டில் 'ஸ்மோல் வெஸல்' என்று வருவது இதைத்தான், தமிழில் சிறுநாள நோய் என்று சொல்லலாம். இந்த நாளங்கள் போய் முடியும் இடம் மூளையின் வெள்ளைப் பகுதி. மூளையின் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு இணைக்கும் நரம்பு நார்கள் அதற்குள்தான் ஓடுகின்றன. அங்கே சேதம் வந்தால் எம்ஆர்ஐயின் ஃபிளேர் என்ற படத்தில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். அந்தத் திட்டுகளுக்குக் கொடுக்கும் தரம்தான் ஃபசேகாஸ். 1987இல் வந்த அளவுகோல் அது, 0 முதல் 3 வரை போகும். ஆழமான வெள்ளைப் பகுதியில் 1 என்றால் தனித்தனிப் புள்ளிகள், 2 என்றால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன, 3 என்றால் பெரிய பரப்பாகச் சேர்ந்துவிட்டன. அம்மாவுடையது நடுவில் இருக்கிறது.

2 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, கவனிக்காமல் விடவும் கூடாது. நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் 60 முதல் 90 வயது வரையான சாதாரண மக்களுக்கு எம்ஆர்ஐ எடுத்து 2001இல் வெளியிட்டார்கள். வெள்ளைத் திட்டு அறவே இல்லாதவர்கள் அவர்களில் சுமார் 5 சதவீதம் பேர்தான். ஆக இந்த வயதில் ஓரளவு திட்டு இருப்பது பெரும்பாலானவர்களின் நிலை. அதனால் திட்டு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, அம்மாவின் மௌனத்துக்கு இதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. இதைவிடக் கூடுதலான திட்டுகளோடு வீட்டையும் தோட்டத்தையும் தனியாகக் கவனித்துக்கொண்ட ஐயாமாரையும் பார்த்திருக்கிறேன், இதைவிடக் குறைந்த திட்டுகளோடு கட்டிலை விட்டு எழும்பாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இனி மனச்சோர்வுக்கும் இதற்கும் உள்ள உறவு. 1997இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் அலெக்ஸோபூலோஸின் குழுவும், ரங்கா கிருஷ்ணனின் குழுவும் தனித்தனியாக ஒரே கருத்தைச் சொன்னார்கள். வயதான பிறகு முதல்முறையாக வரும் மனச்சோர்வில் ஒரு பகுதி மூளையின் நாளச் சேதத்தோடு சேர்ந்து வருகிறது, அதன் முகமும் வேறாக இருக்கிறது என்றார்கள். அதிலிருந்து 'நாளவழி மனச்சோர்வு' என்ற பெயர் நிலைத்தது. மனநிலையையும் முனைப்பையும் திட்டமிடலையும் பார்த்துக்கொள்ளும் முன்மூளைக்கும், ஆழத்தில் கருக்கள் என்று சொல்லும் நரம்புக் கலத் திரள்களுக்கும் இடையில் போகும் நார்கள் இந்தச் சின்ன நாளங்களின் எல்லைக்குள்தான் ஓடுகின்றன. அவை அடிபட்டால் மனம் சோர்வதற்கான வழி திறக்கிறது. திட்டு கூடுதலாக உள்ள முதியவர்களிடம் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விசயம். இதை உறுதியான பக்கத்தில் வைக்கலாம். எது முதல், எது பின் என்பது அவ்வளவு தெளிவில்லை. மனச்சோர்வு வந்தவர் நடப்பதை நிறுத்துகிறார், பிரஷர் குளிசையை மறக்கிறார், நித்திரை கெடுகிறது, அதனாலும் நாளங்கள் மோசமாகும். இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதன் முகம் எப்படி வேறாக இருக்கும்? இளம் வயதுக்காரருக்கு மனச்சோர்வு வந்தால் கவலை, அழுகை, குற்ற உணர்வு முன்னுக்கு நிற்கும். இவர்களிடம் அழுகை குறைவு. எல்லாம் மெதுவாகிவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், ஆனால் நேரமெடுத்து வரும். "மனசு எப்படி அம்மா?" என்று கேட்டால், "மனசுக்கு ஒண்டுமில்ல, உடம்புதான் ஏலாது" என்பார்கள். ஞாபக மறதியைவிட, ஒரு வேலையை ஒழுங்குபடுத்திச் செய்வதில்தான் இடறுவார்கள். ஒரு அம்மாவை வீட்டார் "சோம்பல் புடிச்சிட்டு" என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள். நாற்பது வருடம் சமைத்த கை. மீன் கறி எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். மீன், புளி, தூள், வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பால் என்று ஒன்று விடாமல் சொன்னார். சரி, முதலில் எதைச் செய்வீர்கள் என்றதும் கட்டிப்பாலை விடுவேன் என்றார், உடனே இல்லை என்றார், புளியைக் கரைக்க வேணும் என்றார், பிறகு மடியிலிருந்த கையைப் பார்த்தபடி நிறுத்திவிட்டார். பொருள் எதுவும் மறக்கவில்லை, வரிசைதான் அறுந்து போயிருந்தது. அடுப்படிக்குப் போனாலும் அவருக்கு இதுதான் நடந்தது, அதனால்தான் போகாமல் விட்டார். வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உங்கள் அம்மாவிடமும் இப்படியொன்று இருக்கிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். குற்றம் கண்டுபிடிக்கிற தொனியில் வேண்டாம்.

இன்னொரு பிரிவினையும் இருக்கிறது, வீட்டாருக்கு இது மிகவும் பயன்படும். மனம் சோர்ந்து ஒதுங்குவது ஒன்று, எதிலும் ஆர்வம் எழாமல் சும்மா இருப்பது இன்னொன்று. முதலாவதில் உள்ளே வேதனை இருக்கும்: நித்திரை வராது, சாப்பாடு இறங்காது, வாழ்ந்து என்ன என்ற பேச்சு வரும். இரண்டாவதில் அந்த வேதனை இருக்காது. கூட்டிப் போனால் வருவார், ஊட்டினால் சாப்பிடுவார், தானாக எதையும் தொடங்க மாட்டார். வெள்ளைப் பகுதிச் சேதம் மனச்சோர்வைவிட இந்த ஆர்வமின்மையோடுதான் நெருக்கமாக ஒட்டிப்போகிறது என்று சில நல்ல ஆய்வுகள் காட்டுகின்றன. மனச்சோர்வுக் குளிசை முதலாவதுக்கு உதவும், இரண்டாவதில் அதன் பலன் குறைவு. ஒரே ஆளிடம் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. பேரப்பிள்ளைகள் வந்தபோது முகத்தைத் திருப்பினார் என்கிறீர்களே, அப்போது கண் கலங்கியிருந்ததா, வெறுமையாக இருந்ததா? கிளினிக்கில் ஐந்து நிமிடம் பார்க்கும் வைத்தியருக்கு அது தெரியாது, வீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

நம்முடைய பகுதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாவலடியிலிருந்து பொத்துவில் வரை, 2004 டிசம்பர் 26இல் யாரையாவது பறிகொடுக்காத கரையோரக் குடும்பம் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் யுத்தம். அதனால் ஒரு முதியவர் பேச்சை நிறுத்தினால், "அவ சுனாமியில புள்ளையக் குடுத்தவ, அதுதான்" என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம். அந்தத் துயரம் உண்மையானது, அதை ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் துயரத்தோடு பதினைந்து வருடம் சமைத்து, விதைத்து, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்த ஒருவர், பிறகு திடீரென்று மெதுவாகிறார் என்றால் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. பிரஷரைப் பார்க்க வேண்டும், தைரொயிட், பி12, இரத்தச்சோகை, சீனி எல்லாம் பார்க்க வேண்டும், காது கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மறுபக்கத் தவறும் நடக்கிறது. ஸ்கேனில் திட்டு வந்ததும், "மூளை பழுதாப் போயிட்டாம், இனி ஒண்டும் செய்யேலாது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டாவது தவறுதான் எனக்குக் கூடுதலாகக் கவலை தருவது. திட்டு உள்ளவர்களும் மனச்சோர்வுச் சிகிச்சையில் தேறுகிறார்கள். சிலருக்குப் பலன் மெதுவாக வருகிறது, சிலருக்கு ஒரு மருந்து சரிவராமல் இன்னொன்று தேவைப்படுகிறது.

ஆக உங்கள் கேள்விக்குப் பதில்: மனசா மூளையா என்று இதைப் பிரிக்க முடியாது. மூளையில் நாளச் சேதம் இருக்கிறது, அந்த மூளைக்குள்தான் மனச்சோர்வும் நடக்கிறது. நாளத்துக்கு ஒரு வைத்தியம், சோர்வுக்கு ஒரு வைத்தியம், இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். குளிசையை நிறுத்த இந்த ரிப்போட்டில் எந்தக் காரணமும் இல்லை.

சரி, இனி அண்ணா சொன்ன நீரோட்டம். மூளையையும் முண்ணாணையும் சுற்றி ஏறத்தாழ 150 மில்லிலீட்டர் தெளிந்த நீர் இருக்கிறது. ஒரு நாளில் சுமார் 500 மில்லிலீட்டர் புதிதாகச் சுரப்பதால் அது நாளுக்கு மூன்று தடவையளவில் புதுப்பிக்கப்படுகிறது. 2012இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டும் ஜெஃப்ரி இலிஃபும் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். இந்த நீர், மூளைக்குள் இறங்கும் நாடிகளைச் சுற்றியுள்ள ஒடுங்கிய இடைவெளி வழியாக உள்ளே போய், மூளைத் திசுவின் கழிவுகளை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. நாடியின் ஒவ்வொரு துடிப்பும் அந்த நீரைத் தள்ளுகிறது. நரம்புக் கலங்களைத் தாங்கி நிற்கும் ஆதாரக் கலங்களின் மேல் இருக்கும் அக்குவாபோரின்-4 என்ற புரதம் நீர் கடக்க உதவுகிறது. இதற்குக் கிளிம்பாட்டிக் முறைமை என்று பெயர் வைத்தார்கள். உங்கள் ரிப்போட்டில் வரும் 'பெரிவஸ்குலர் ஸ்பேஸ்' இதே இடைவெளிதான். அவை விரிந்து ஸ்கேனில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தெரிந்தால், சிறுநாள நோயின் அடையாளங்களில் ஒன்றாக அதைச் சேர்த்துக்கொள்வார்கள். நீர் வடியாமல் தேங்கித்தான் விரிந்தது என்பது கேட்க நியாயமாக இருக்கிறது, மனிதரில் அதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

பிரஷரோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது. 2018இல் அதே ரொச்செஸ்டர் குழு, எலிகளுக்குப் பிரஷரை ஏற்றியபோது நாடிச் சுவரின் அசைவு மாறி, இந்த ஓட்டம் குறைவதைக் காட்டியது. நித்திரை விசயத்தில் சண்டை முடியவில்லை. 2013இல் வந்த எலி ஆய்வு, நித்திரையில் கலங்களுக்கு இடைப்பட்ட வெளி சுமார் 60 சதவீதம் கூடுகிறது, கழிவும் வேகமாகப் போகிறது என்றது. 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, அதுவும் எலிகளில், நித்திரையிலும் மயக்கத்திலும் வெளியேற்றம் குறைகிறது என்று நேர்மாறாகச் சொன்னது. மனிதரில் நோர்வேயின் ஒஸ்லோவில் கெயிர் ரிங்ஸ்டாட்டும் பேர் கிறிஸ்டியன் எய்டெயும் முள்ளந்தண்டு நீருக்குள் எம்ஆர்ஐ படத்தில் பளிச்சென்று தெரியும் கடோலினியம் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் ஊசியால் ஏற்றி, ஒரு நாளுக்கு மேல் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுத்து அது மூளைக்குள் போய் வெளியேறுவதைப் பார்த்தார்கள். 2021இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு இரவு நித்திரை விட்டவர்களின் மூளையிலிருந்து அது வெளியேறுவது தாமதமானது. மனிதரில் மிக நேரடியான ஆதாரம் இந்த வகைப் படங்கள்தான். ஆனால் அளவு கூடினால் மூளைக்கு ஆபத்தான ஊசி அது, வழக்கமான பரிசோதனையாக எடுக்கும் விசயம் இல்லை. 71 வயது அம்மாவுக்குப் போட்டுப் பார்க்க எந்தத் தேவையும் இல்லை.

அண்ணா சொல்வது அநேகமாக 'டிடிஐ-ஆல்ப்ஸ்' என்ற கணக்காக இருக்கும். ஜப்பானின் தொஷியாக்கி தவோக்காவும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்டது. ஊசி தேவையில்லை, சாதாரண எம்ஆர்ஐ இயந்திரமே போதும் என்பதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எவ்வளவு எளிதாக அசைகின்றன என்று எம்ஆர்ஐயால் அளக்கலாம். மூளைக்குள் இந்த நீர் நிறைந்திருக்கும் அறைகளுக்கு நீரறைகள் என்று பெயர். பக்க நீரறைகளுக்கு அருகே ஓர் இடத்தில் சின்ன நாளங்கள் இடம்வலமாக ஓடுகின்றன. அங்கே ஒரு நார்க்கட்டு மேல்கீழாகப் போகிறது, இன்னொன்று முன்பின்னாகப் போகிறது. இடம்வலத் திசையில் பெரிய நார்க்கட்டு இல்லாததால், அந்தத் திசையில் நீர் கூடுதலாக அசைந்தால் அது நாளத்தைச் சுற்றிய இடைவெளியால் என்று எடுத்துக்கொண்டு ஒரு விகிதம் போடுகிறார்கள். விகிதம் 1க்குக் கிட்ட இருந்தால் அசைவு குறைவு, அதற்கு மேலே போகப்போக நல்லது என்று வாசிக்கிறார்கள். சிறுநாள நோயிலும் அல்ஸைமர் நோயிலும் இந்த எண் குறைவாக வந்திருக்கிறது. முதுமை மனச்சோர்விலும் இப்போது அளந்து பார்க்கிறார்கள். நல்ல கேள்வி, அந்த ஆராய்ச்சி நடக்கத்தான் வேண்டும். நாளம் விறைப்பது, நீர் தேங்குவது, நார் அடிபடுவது, மனம் சோர்வது என்று ஒரு தொடர் இருக்கிறதா என்று தெரிந்தால் நாளைக்குப் புது மருந்துக்கும் வழி பிறக்கலாம்.

ஆனால் ஒரு தனி ஆளுக்கு இந்த எண்ணை வைத்து எதுவும் தீர்மானிக்க முடியாது. முதலாவது, எம்ஆர்ஐயில் ஒரு கட்டம் சுமார் இரண்டு மில்லிமீட்டர் அகலம். அதற்குள் நாளத்தைச் சுற்றிய இடைவெளி எடுக்கும் இடம் மிகச் சொற்பம், மிச்சமெல்லாம் வெள்ளைப் பகுதி. ஆகவே அளக்கப்படுவதில் பெரும் பங்கு அந்த வெள்ளைப் பகுதியின் நிலைமைதான். அம்மாவுக்கு அங்கே திட்டு இருப்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். எண் குறைந்து வந்தால், தெரிந்ததையே திரும்பச் சொல்கிறதா, நீரோட்டத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்கிறதா என்று பிரிக்க வழியில்லை. இரண்டாவது, அது அளப்பது ஓட்டத்தை அல்ல, அசைவின் எளிமையை, அதுவும் ஒரேயொரு இடத்தில். கல்லோயாத் திட்டத்தின் ஒரு வாய்க்கால் மதகில் நின்று பார்த்துவிட்டு, சம்மாந்துறை வயலுக்கும் அக்கரைப்பற்று வயலுக்கும் தண்ணீர் சரியாகப் பாய்கிறது என்று சொல்ல முடியாதது மாதிரி. மூன்றாவது, எண் எப்படி வந்தாலும் அதன்படி மாற்ற வேண்டிய சிகிச்சை இன்று எதுவுமில்லை. நீரோட்டத்தைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. பயணச் செலவு, விடுதி, பழக்கமில்லாத இடத்தில் அம்மா படும் குழப்பம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அண்ணாவிடம் இதைக் காட்டுங்கள். தூரத்தில் இருப்பவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காசுக்கு ஒரு நல்ல பிரஷர் மெஷினும், அம்மாவோடு பகலில் இருக்க ஓர் ஆளும் கிடைக்கும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நடை மெதுவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டது போல இழுத்து நடப்பதும், சலம் அடக்க முடியாமல் போவதும், யோசனை மந்தமாவதும் மூன்றும் சேர்ந்து வந்தால், மூளை நீரறைகள் பெருக்கும் ஒரு நோய் இருக்கிறது. 1965இல் ஹக்கீமும் அடம்ஸும் விவரித்தது, நீரழுத்தம் சாதாரணமாக இருக்கும்போதே அறைகள் விரியும். அதை மனச்சோர்வு என்று தவறாக எண்ணிவிடலாம், சரியான ஆளுக்குச் சத்திரசிகிச்சையில் குழாய் வைத்தால் நடை திரும்பும். இந்த இடத்தில் நீரைப் பார்ப்பது வைத்தியத்துக்கு நேரடியாக உதவும். அதற்கு அம்மாவுக்கு எடுத்த சாதாரண எம்ஆர்ஐயே போதும். நீரறைகள் பெரிதா என்று ரிப்போட்டில் ஒரு வரி இருக்கும், பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள்.

இனி வீட்டில் செய்யக்கூடியது. முதலாவது பிரஷர். சிறுநாள நோயின் வேகத்தைக் குறைக்கும் என்பதற்கு நம்மிடம் உள்ள மிக வலுவான ஆதாரம் பிரஷர் கட்டுப்பாட்டுக்குத்தான். அமெரிக்காவின் ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வு 2019இல் வெளிவந்தது. மேல் பிரஷரை 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு, 140க்குக் கீழே வைத்தவர்களைவிட வெள்ளைத் திட்டு வளர்ந்தது குறைவு, லேசான அறிவாற்றல் குறைவு வந்தவர்களும் குறைவு. அந்த ஆய்வில் நீரிழிவுக்காரரைச் சேர்க்கவில்லை. எல்லோருக்கும் 120 என்று நாமாக இறக்கவும் கூடாது, எழும்பும்போது தலை சுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு உடையும். இருந்து ஒருமுறை, எழும்பி நின்று ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். இரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் போகும் நாளில் பலர் பிரஷர் குளிசையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். கிளினிக்கில் அளக்கும்போது கூடி நிற்கும், வைத்தியர் மருந்தைக் கூட்டிவிடுவார். எந்தக் குளிசையைத் தண்ணீரோடு எடுத்துவிட்டு வரலாம் என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். கருவாடு, ஊறுகாய், வெற்றிலையோடு போடும் புகையிலை மூன்றையும் பற்றி அம்மாவோடு பேசத்தான் வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பறிக்காதீர்கள், புகையிலையிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது, செர்ட்ரலின். நல்ல மருந்துதான். ஒரு மாதத்தில் முடிவுகட்டக் கூடாது. வயதானவர்களுக்குச் சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு வாரம்கூடப் பிடிக்கும். இந்த வகைக் குளிசைகளால் முதியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இரத்தத்தில் சோடியம் குறையலாம். அம்மா பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதியசைட் எடுத்தால் அந்த ஆபத்து கூடும். குளிசை தொடங்கிய முதல் வாரங்களில் நித்திரைத் தூக்கம், குழப்பம், ஓங்காளம், தள்ளாட்டம் வந்தால் வருத்தம் கூடிவிட்டது என்று எண்ணி வீட்டில் வைத்திருக்காதீர்கள், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அது ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை. ஒன்றும் இல்லாவிட்டாலும் இப்போது ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆஸ்பிரினும் சேர்ந்து எடுத்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். மலம் கறுத்தால் உடனே போங்கள். மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கும் குளிசைகளையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நித்திரைக்கென்று டயஸிபாம் மாதிரியானவற்றைப் பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுக்க வேண்டாம், விழுவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

மூன்றாவது, குளிசையால் மட்டும் திரும்பாத பகுதி. வரிசை அறுந்தவருக்கு, "போய்ச் சமையுங்க" என்றால் அது மலை. "வெங்காயத்தை உரித்துத் தாங்க" என்றால் செய்வார். பிரச்சினையைச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தீர்க்கப் பழக்கும் முறையை முறையான பேச்சுச் சிகிச்சையாகவே வளர்த்திருக்கிறார்கள். திட்டமிடும் திறன் குறைந்த முதியோர் மனச்சோர்வில் அது உதவுகிறது என்று 2010இல் அலெக்ஸோபூலோஸ் குழு காட்டியது. வீட்டிலும் இதே யோசனையில் வேலையைப் பிரித்து, ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைக் கொடுக்கலாம். காலை வெயில் ஏற முன் ஒழுங்கை முடிவு வரை நடை, வந்து குளிப்பு, பிறகு ஒரேயொரு சின்ன வேலை. தினமும் அதே நேரம், அதே ஒழுங்கு. பகலில் படுக்கையை விட்டு எழுப்பி வைத்திருந்தால் இரவு நித்திரையும் கொஞ்சம் திரும்பும். சாப்பாட்டையே நிறுத்தி, தண்ணீரும் குடிக்காமல் படுத்துவிடும் நிலைமை வந்தால் மின்சிகிச்சை பற்றி வைத்தியர் பேசலாம். கரண்ட் வைக்கிறது என்று சொல்லி நம்மவர்கள் அதற்குப் பயப்படுகிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, கண்காணிப்போடு செய்வது அது. கடுமையான முதுமை மனச்சோர்வில் மிக நன்றாக வேலை செய்வதும் அதுதான்.

வாழ்ந்து என்ன, நான் உங்களுக்குப் பாரம் என்ற பேச்சு வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரவு நேரமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எண்ணுக்கு எடுத்துப் பேசலாம். வயல் வீடென்றால் கிருமிநாசினிப் போத்தலைப் பூட்டி வையுங்கள், பிரஷர், சீனிக் குளிசைகளையும் உங்கள் கையில் வைத்துக் கொடுங்கள். அம்மா அப்படி எதுவும் சொல்லாவிட்டாலும் இதைச் செய்து வைக்கலாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போக முன், ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: இருந்தும் நின்றும் அளந்த பிரஷர், எத்தனை மணிக்கு எழும்பினார், எதைத் தானாகத் தொடங்கினார், எதை நீங்கள் சொல்லிச் செய்தார், அழுதாரா, என்ன சாப்பிட்டார், சலம் போவதில் சிக்கல் இருக்கிறதா. கிளினிக் கொப்பி, எல்லாக் குளிசைத் துண்டுகள், எம்ஆர்ஐயின் ரிப்போட்டோடு சீடியும் கொண்டு போங்கள். சோடியம் பார்க்க வேணுமா, நீரறைகள் பெருத்திருக்கின்றனவா, செர்ட்ரலினை இதே அளவில் இன்னும் எத்தனை வாரம் பார்த்துவிட்டுக் கூட்டுவது என்ற மூன்று கேள்விகளையும் அதே கொப்பியில் எழுதி, வைத்தியர் முன் இருந்து வாசித்துக் கேளுங்கள்.